பிள்ளைகள் ஏன் வாய் திறப்பதில்லை? இணையத் துன்புறுத்தலும் நாம் செய்ய வேண்டியதும்

2016 ஜூன் கடைசி வாரத்தில் சேலம் மாவட்டத்தில் 21 வயதுப் பெண் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் முகத்தை வேறோர் உடலோடு ஒட்டி ஃபேஸ்புக்கில் ஒருவன் படம் போட்டிருந்தான். குடும்பம் காவல்துறைக்குப் போகாமல் இல்லை. சில நாட்களுக்கு முன்பே புகார் கொடுத்திருந்தார்கள். படத்தை எடுக்க நாளாகும் என்று பதில் வந்தது. விசாரணைக்குச் செல்போன் ஒன்றை லஞ்சமாகக் கேட்டதாக ஒரு காவலர்மீது குற்றச்சாட்டு எழுந்தது. அதற்குள் இன்னொரு படமும் வந்துவிட்டது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பின்னர் வெளிப்படையாகவே மன்னிப்புக் கேட்டார். அந்தப் பெண் எழுதிவைத்துவிட்டுப் போன கடிதத்தில் காவல்துறையைப் பற்றி அதிகம் இல்லை. தான் யாருக்கும் படம் அனுப்பவில்லை, பெற்றவர்களே தன்னை நம்பவில்லை என்பதுதான் அதன் சாரம்.

இந்தச் சம்பவம் பேச்சில் வரும்போதெல்லாம் காவல்துறையின் மெத்தனம்தான் முன்னால் நிற்கிறது. அது நியாயம்தான். ஆனால் கடிதம் கேட்கும் கேள்வி நம் ஒவ்வொரு வீட்டையும் பார்த்துக் கேட்பது. ஒரு பிள்ளைக்கு இணையத்தில் அவமானம் நேர்ந்தால், அதை வீட்டில் சொல்ல என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது? திட்டு வாங்க வேண்டும், போனைக் கொடுத்துவிட வேண்டும், பெண்ணாக இருந்தால் படிப்பே நின்றுபோகலாம். இந்த விலை குறையாதவரை எந்தச் சட்டமும் எந்த உதவி எண்ணும் அந்தப் பிள்ளையை எட்டப் போவதில்லை என்றே நினைக்கிறேன். இணையத் துன்புறுத்தலுக்குச் சமூகம் என்ன செய்ய வேண்டும் என்று யார் எந்த யோசனையைச் சொன்னாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: இதனால் பிள்ளை வாய் திறப்பது எளிதாகுமா, கடினமாகுமா?

பள்ளிப் பிள்ளைகளுக்குள் நடக்கும் துன்புறுத்தலை முறையாக ஆராயத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் நார்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஓல்வியஸ். 1982 கடைசியில் அந்நாட்டின் வடக்கே மூன்று சிறுவர்கள் அடுத்தடுத்து இறந்ததும், 1983இல் நாடு முழுக்கப் பள்ளிகளில் இதற்கெதிரான இயக்கம் தொடங்கியதும் அவருடைய ஆய்வுக்குப் பெரிய களமாக அமைந்தன. வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, செய்பவருக்கும் படுபவருக்கும் இடையே பலத்தில் ஏற்றத்தாழ்வு இருப்பது என மூன்று அடையாளங்களை அவர் வகுத்தார். கைப்பேசி வந்தபின் இந்த மூன்றுமே வடிவம் மாறிவிட்டன. ஒருவன் ஒரே ஒருமுறைதான் படம் போடுகிறான்; நாற்பது பேர் அதைப் பகிர்வதால் அது நாற்பது முறை நடக்கிறது. உடல் பலம் தேவையில்லை. ஒரு ஃபேக் ஐடி போதும். பள்ளி மணி அடித்ததும் முன்பெல்லாம் தப்பித்து வீட்டுக்கு ஓடிவர முடிந்தது. இப்போது தலையணைக்குக் கீழேயே அது அதிர்ந்துகொண்டிருக்கிறது.

இது நடக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பத்தாம் வகுப்பு. வீட்டுப்பாடம் அனுப்ப டீச்சர் உருவாக்கிய வாட்ஸ்அப் க்ரூப் ஒன்று இருக்கிறது. அதிலிருந்து பிரிந்து, டீச்சர் இல்லாத க்ரூப் ஒன்று. அதிலிருந்தும் பிரிந்து, ஒரே ஒரு மாணவி மட்டும் இல்லாத க்ரூப் ஒன்று. ஆண்டு விழாவில் எடுத்த குழுப்படத்திலிருந்து அவள் முகத்தை மட்டும் வெட்டி எடுக்கிறான் ஒருவன். கண் பாதி மூடி, வாய் திறந்திருக்கும் நொடி. அதை ஸ்டிக்கராக்குகிறான். அன்று இரவே யார் எதைச் சொன்னாலும் பதிலுக்கு அந்த ஸ்டிக்கர் விழுகிறது. மறுநாள் அவள் வகுப்புக்குள் நுழையும்போது நாலு பேர் அதே மாதிரி கண்ணைச் சொருகி வாயைத் திறந்து காட்டுகிறார்கள். என்ன நடக்கிறது என்று அவளுக்குப் புரிய மூன்று நாளாகிறது. தோழி ஒருத்தி மனம் கேட்காமல் ஸ்கிரீன்ஷாட் காட்டுகிறாள், "நான் காட்டுனேன்னு சொல்லிடாத" என்ற கெஞ்சலோடு. இதில் ஆபாசம் இல்லை, மிரட்டல் இல்லை, எந்தச் சட்டப் பிரிவிலும் எளிதில் அடங்காது. கேட்டால் "சும்மா கலாய்ச்சோம் மிஸ்" என்பார்கள். அந்தப் பெண் பள்ளிக்குப் போக வயிற்றுவலி என்கிறாள். வீட்டில் மிளகு கஷாயம் வைத்துக் கொடுக்கிறார்கள்.

யார் இலக்காகிறார்கள் என்பதும் தற்செயல் அல்ல. கருப்பான நிறம், பருமனான உடம்பு, திக்கும் பேச்சு, அப்பா செய்யும் வேலை, ஊரின் எந்தத் தெருவில் வீடு என்பது. நம் ஊரில் சாதி இதில் நேராகவே வருகிறது. வாள் படமும் பாட்டுமாகச் சாதிப் பெருமை பேசும் ரீல்ஸ்களும் ஸ்டேட்டஸ்களும் பள்ளிச் சிறுவர்களின் போன்களில் சாதாரணம். அதை ஒருவன் போட்டால் வகுப்பில் யாரைக் குறிவைத்துப் போடுகிறான் என்று எல்லாருக்கும் தெரியும். நடையிலும் குரலிலும் மென்மை தெரியும் பையன்கள் படும் பாடு தனி. பையன்களுக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று கேட்கும் வீட்டில், அவன் யாரிடம் போய்ச் சொல்வான்?

கனடா கற்ற பாடம்

இந்த விஷயத்தில் ஒரு நாடு எப்படி விழித்தெழுந்தது, எங்கெல்லாம் இடறியது என்று பார்க்கக் கனடாவின் கதை உதவும். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தைச் சேர்ந்த அமாண்டா டாட் என்ற சிறுமி 2012 செப்டம்பரில் யூடியூபில் ஒரு காணொளி போட்டாள். அதில் அவள் பேசவில்லை. கையால் எழுதிய அட்டைகளை ஒவ்வொன்றாகக் கேமராவுக்குக் காட்டிக்கொண்டே போனாள். ஏழாம் வகுப்பில் இருந்தபோது வெப்கேமில் அறிமுகமான ஒருவர் பேச்சுக்கு மயங்கி ஒரு கணம் மேலாடையை விலக்கியது, அதை அந்த ஆள் படமாக்கி வைத்துக்கொண்டு பின்னர் மிரட்டியது, மறுத்ததும் அந்தப் படம் பள்ளி முழுக்கப் போனது, பள்ளி மாறியபோது புதிய பள்ளிப் பிள்ளைகளையும் அது தேடி வந்தது எனக் கதை நீள்கிறது. மருத்துவமனையிலிருந்து திரும்பியபோதுகூடக் கேலிப் பதிவுகள் அவளுக்காகக் காத்திருந்தன. அக்டோபர் 10ஆம் தேதி இறந்தாள். வயது 15.

மிரட்டியவர் நெதர்லாந்தில் இருந்த வளர்ந்த ஆண். 2014இல் அங்கே கைதானார். 2020 கடைசியில் கனடாவுக்குக் கொண்டுவரப்பட்டு, 2022இல் குற்றவாளி எனத் தீர்ப்பாகி 13 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். அவள் இறந்து பத்து ஆண்டுகள் கழித்து வந்த நீதி அது. குடும்பம் காவல்துறையிடம் பலமுறை போயிருந்தது. இணையத்தை விட்டு விலகி இருக்கச் சொல்லும் அறிவுரையும் வந்தது. வேட்டையாடியவனைத் தேடிப் பிடிப்பதைவிட வேட்டையாடப்பட்டவளை ஒதுங்கச் சொல்வது எங்கும் எளிதாக இருக்கிறது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்த ஆள் அனுப்பியது படம். அதை வைத்து மதிய உணவு நேரத்தில் அவளைத் தனியே உட்காரவைத்தவர்கள், பள்ளி வாசலில் கூடி நின்று ஏசியவர்கள், அடித்தபோது படம்பிடித்தவர்கள் எல்லாரும் அவளைப் போன்ற பிள்ளைகள். கனடா நீதிமன்றம் முதல் குற்றத்துக்குப் பதில் சொல்லிவிட்டது. இரண்டாவதுக்குப் பதில் சொல்ல வேண்டிய இடம் பள்ளி.

அடுத்த ஆண்டே, 2013 ஏப்ரலில், நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் ரெட்டே பார்சன்ஸ் என்ற 17 வயதுப் பெண் இறந்தாள். ஒரு விருந்தில் எடுக்கப்பட்ட படம் பள்ளியில் சுற்றியது. வன்கொடுமை என்று அவள் கொடுத்த புகாரில் காவல்துறை முதலில் வழக்கே தொடரவில்லை. மக்கள் கொதித்தார்கள். மாகாண அரசு அவசர அவசரமாக இணையப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. தனி விசாரணைப் பிரிவும் அமைத்தது. நோக்கத்தில் குறையில்லை. ஆனால் சட்டத்தின் வரையறை மிக அகலம்: ஒருவரின் மனதுக்கு வேதனையோ அவமானமோ தரக்கூடிய மின்னணுத் தகவல் எதுவானாலும் கிட்டத்தட்ட அதில் அடங்கியது. அதைச் சோதனைக்கு உள்ளாக்கிய வழக்கு பிள்ளைகள் சம்பந்தப்பட்டதே அல்ல. முன்னாள் வியாபாரக் கூட்டாளிகள் இருவருக்கு இடையே நடந்த சண்டை. 2015 டிசம்பரில் மாகாண உச்ச நீதிமன்றம் கருத்துரிமையைக் காட்டி முழுச் சட்டத்தையும் தள்ளிவிட்டது. பிள்ளைகளுக்காக வந்த பாதுகாப்பு பெரியவர்களின் தகராறில் போயிற்று. குறுகலான, கவனமான புதிய சட்டம் வர 2017 ஆனது.

கனடாவின் மத்திய அரசும் 2015இல் ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒருவரின் அந்தரங்கப் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் பரப்புவது அதன்மூலம் தனிக் குற்றமானது. இது வேண்டிய மாற்றம். ஆனால் அதே மசோதாவில் காவல்துறைக்குக் கண்காணிப்பு அதிகாரங்களைக் கூட்டும் பிரிவுகளையும் சேர்த்துவிட்டார்கள். நாடாளுமன்றக் குழுவின் முன் நின்று அதைக் கேள்வி கேட்டவர் அமாண்டாவின் தாய் கரோல் டாட். தன் மகள் பெயரில் வரும் சட்டம் மற்றப் பிள்ளைகளின் அந்தரங்கத்தைப் பறிக்கக் கூடாது என்றார் அவர். மகளை இழந்த தாய்க்கு அவ்வளவு நிதானம் இருந்தது என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

நமக்கு இது புதிய அனுபவம் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவும் "தொந்தரவு", "எரிச்சல்" போன்ற அகலமான சொற்களால் ஆனதுதான். 2012இல் ஒரு ட்வீட்டுக்காகப் புதுச்சேரியில் ஒரு தொழில்முனைவர் கைதானார். மகாராஷ்டிராவின் பால்கரில் ஒரு ஃபேஸ்புக் பதிவுக்கும் அதற்கிட்ட லைக்குக்கும் இரண்டு இளம்பெண்கள் கைதானார்கள். 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அப்பிரிவை ரத்து செய்தது. அகலமான சட்டம் கையில் கிடைத்தால் அதை முதலில் எடுப்பது வகுப்பறையில் அழும் பிள்ளைக்காக அல்ல, அதிகாரத்தில் இருப்பவரின் மனக்குறைக்காக. புதிய சட்டம் வேண்டும் என்று குரல் எழும்போதெல்லாம் இதை நினைவில் வைக்க வேண்டும்.

66ஏ போனதால் சட்டத்தில் வெற்றிடம் வந்துவிடவில்லை. அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் படம்பிடிப்பதும் பரப்புவதும் 66இ பிரிவில் வரும். ஆபாசப் படம் பரப்புவதற்கு 67, 67ஏ. 18 வயதுக்குக் கீழானவர் என்றால் 67பி, கூடவே போக்சோ. பின்தொடர்ந்து தொல்லை தருவதும் மிரட்டுவதும் பாரதிய நியாய சன்ஹிதாவில் குற்றங்கள். சென்னையில் பதிவான ஒரு வழக்கிலிருந்து எழுந்த மேல்முறையீட்டில் 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம், சிறார் ஆபாசப் படத்தைப் பார்ப்பதும் வைத்திருப்பதும்கூடக் குற்றமாகும் எனத் தெளிவாக்கியது. "நான் அனுப்பல, வந்தத வச்சிருந்தேன், அவ்வளவுதான்" என்ற பதில் இனி உதவாது. ப்ளஸ் டூ படிக்கும் பையன்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்? பாடப் புத்தகத்தில் இல்லாவிட்டாலும் வகுப்பாசிரியர் ஒரு பீரியடில் சொல்லித்தர வேண்டிய செய்தி இது.

போனைப் பிடுங்குவது

பிள்ளை ஒரு பிரச்சினையைச் சொன்னதும் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் முதல் காரியம் போன் பறிமுதல். அக்கறையால்தான் செய்கிறோம். ஆனால் பிள்ளையின் பக்கமிருந்து பாருங்கள். தப்பு செய்தவன் கையில் போன் இருக்கிறது; பட்டவள் கையிலிருந்து போய்விட்டது. நண்பர்கள், பாடக் குறிப்பு, பாட்டு எல்லாம் அதோடு போயின. அடுத்தமுறை ஏதாவது நடந்தால் அவள் சொல்வாளா? கிராமத்துப் பெண்களுக்கு இது இன்னும் கடுமை. "படிச்சது போதும்" என்ற பேச்சும் மாப்பிள்ளை தேடலும் அங்கே ஒரு ஸ்கிரீன்ஷாட்டில் தொடங்கிவிடும். மிரட்டுகிறவனுக்கு இது நன்றாகவே தெரியும். "உங்க அப்பாகிட்ட அனுப்பவா?" என்ற ஒரு வரியில் அவன் காரியம் முடிகிறது. அவனுடைய ஆயுதமே அந்த அப்பாவின் கோபம்தான்.

நாட்டளவில் போனைப் பிடுங்கிப் பார்க்கிறது ஆஸ்திரேலியா. 2024இல் இயற்றி, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, 16 வயது நிரம்பாதவர்கள் இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட் போன்றவற்றில் கணக்கு வைத்திருக்காதபடி நிறுவனங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். தவறினால் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். பிள்ளைகளுக்கோ பெற்றோருக்கோ தண்டனை இல்லை, பொறுப்பு முழுக்க நிறுவனங்களுக்கு என்பது இதில் எனக்குப் பிடித்த அம்சம். ஆனால் வாட்ஸ்அப் போன்ற செய்திப் பரிமாற்றச் செயலிகள் தடைக்கு வெளியே இருக்கின்றன. மேலே சொன்ன ஸ்டிக்கர் விவகாரம் போன்றவை நடப்பது அங்கேதான். வயதைப் பொய்யாகக் கொடுத்து உள்ளே போகும் பிள்ளைக்கு அடி விழுந்தால், "நீ அங்க போனதே தப்பு" என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். என் கேள்விக்கு இந்தத் தடை சரியான பதில் தருவதாகத் தோன்றவில்லை.

அதே ஆஸ்திரேலியாவிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய வேறொன்று இருக்கிறது, அதைப் பற்றித்தான் இங்கே யாரும் பேசுவதில்லை. பிள்ளைகளின் இணையப் பாதுகாப்புக்கென்றே 2015இல் அங்கே ஓர் ஆணையர் அலுவலகம் தொடங்கினார்கள். சிறுவர் ஒருவரைத் துன்புறுத்தும் பதிவை நீக்கும்படி நிறுவனத்திடம் கேட்டும் 48 மணி நேரத்தில் நடக்கவில்லையா, அந்த அலுவலகத்திடம் போகலாம். அது உத்தரவிட்டால் 24 மணி நேரத்தில் நீக்க வேண்டும். ஆபாசமாக இருக்க வேண்டும் என்றில்லை. கடுமையாக அவமானப்படுத்துவதாக இருந்தாலே போதும். காவல் நிலையப் படி ஏறத் தேவையில்லை, எஃப்ஐஆர் இல்லை, ஊருக்குத் தெரியாது. பிள்ளைக்கு உண்மையில் வேண்டியதும் இதுதான்: அது அங்கிருந்து போக வேண்டும், இன்றே போக வேண்டும். இந்தியாவில் 2021ஆம் ஆண்டு விதிகள் அந்தரங்கப் படங்களுக்கு 24 மணி நேரக் கெடுவை வைத்தன. குறைதீர் அலுவலர், அவருக்கு மேல் முறையீட்டுக் குழு என்று படிகளும் உண்டு. ஆனால் படமல்லாத கேலிக்கும் வசைக்கும் ஒரு 14 வயதுச் சிறுமி தானே போய்த் தட்டக்கூடிய ஒற்றைக் கதவு நம்மிடம் இல்லை. தமிழில் பேசும் அப்படியோர் அலுவலகம் மாநில அளவிலாவது வேண்டும்.

பள்ளியில் சொன்னால்

2023 ஆகஸ்ட் 9ஆம் தேதி இரவு நாங்குநேரியில் ப்ளஸ் டூ படித்த பட்டியல் சமூக மாணவர் ஒருவரை அவர் வீட்டுக்குள்ளேயே புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. சக மாணவர்களின் சாதிக் கொடுமை தாங்காமல் பள்ளிக்குப் போகாமல் இருந்தவர் அவர். என்ன காரணம் என்று பள்ளி கேட்டது, சொன்னார். சொன்ன அன்றிரவே இது நடந்தது. இது இணையத்தில் நடந்ததல்ல. ஆனாலும் இங்கே எழுதக் காரணம் இருக்கிறது: புகார் சொன்ன பிள்ளையை எப்படிக் காப்பது என்ற ஏற்பாடே நம் பள்ளிகளில் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டவில்லை. நீதிபதி சந்துரு குழு அதன்பின் விரிவான அறிக்கை கொடுத்தது. அறிக்கை எவ்வளவு நன்றாக இருந்தாலும், சொன்னவன் பெயர் சாயங்காலத்துக்குள் வெளியே போகும் பள்ளியில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

இணைய வழக்குகளில் பள்ளிகளுக்கு இன்னொரு தயக்கமும் உண்டு. 18 வயதுக்குட்பட்டவருக்குப் பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி யாராக இருந்தாலும் தகவல் கொடுத்தே ஆக வேண்டும், கொடுக்காவிட்டால் தண்டனை. பள்ளிகளின் மூடிமறைக்கும் வழக்கத்தை உடைக்கக் கொண்டுவந்த விதி இது, தேவையானதும்கூட. ஆனால் பல பள்ளிகள் பயந்துபோய், தகவல் காதிலேயே விழாதபடி பார்த்துக்கொள்கின்றன. "அதெல்லாம் வெளியில நடந்தது, ஸ்கூலுக்குச் சம்பந்தமில்ல" என்ற வாசகம் அப்படிப் பிறந்ததுதான். பிள்ளைக்கோ, டீச்சரிடம் மனம்விட்டுப் பேசினால் போலீஸ் வரும் என்ற பயம். இதற்கு வழி விதியை மீறுவதல்ல. அடுத்து என்னென்ன நடக்கும், யார் வருவார்கள், பெயர் எங்கும் வராது என்பதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே உட்கார்ந்து விளக்கக்கூடிய ஒருவர் பள்ளியில் இருக்க வேண்டும். அடையாளத்தை வெளியிடக் கூடாது என்பதும் சட்டம்தான். பிரார்த்தனைக் கூட்டத்தில் பெயர் சொல்லாமல் "ஒரு மாணவி" என்று தொடங்கும் அறிவுரைகூட அந்த மாணவியைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் உருவாகி 2009 முதல் பள்ளிகளுக்குப் போன கிவா என்ற திட்டம் பார்வையாளர்களைக் குறிவைக்கிறது. அதன் பின்னிருக்கும் கிறிஸ்டினா சால்மிவல்லியின் 1990களின் ஆய்வு, துன்புறுத்தலில் வகுப்பு மொத்தமும் ஏதோவொரு வேடம் ஏற்கிறது என்று காட்டியது. செய்பவன், கூட நிற்பவன், சிரித்து ஊக்குவிப்பவன், ஒதுங்கிக்கொள்பவன், காப்பாற்ற வருபவன். சிரிப்பு நின்றால் செய்பவனுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. கிவாவில் ஒரு பிள்ளை பாதிக்கப்பட்டால் ஆசிரியர் குழு அவளோடும் செய்தவர்களோடும் தனித்தனியே பேசும். வகுப்பில் மற்றவர்கள் மதிக்கும் சில பிள்ளைகளைக் கூப்பிட்டு, அவளோடு சேர்ந்து நிற்கச் சொல்லிக் கேட்கும். அங்கே நடந்த பெரிய அளவிலான சோதனையில் துன்புறுத்தல் குறைந்தது. தொடக்க வகுப்புகளில் நன்றாகவும் மேல்வகுப்புகளில் குறைவாகவும் பலன் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பதினைந்து வயதில் தொடங்கினால் தாமதம். ஸ்டிக்கரைக் காட்டிக்கொடுத்த அந்தத் தோழி போன்றவர்கள்தான் இதில் மையம். அவள் ஏன் பயந்து பயந்து காட்ட வேண்டியிருந்தது என்பதைப் பள்ளி யோசித்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஒரு தாய் பேசியபோது

2023 செப்டம்பரில், பள்ளிகள் திறந்த நேரத்தில், ஸ்பெயினின் தென்மேற்கே அல்மென்ட்ராலெகோ என்ற சிற்றூரில் இருபதுக்கும் மேற்பட்ட சிறுமிகளின் நிர்வாணப் படங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றின. எல்லாம் செயற்கை நுண்ணறிவுச் செயலி உருவாக்கிய போலிகள். இன்ஸ்டாகிராமில் உடையோடு இருந்த சாதாரணப் படங்களிலிருந்து செய்தவை. செய்தவர்கள் அதே ஊர்ப் பையன்கள். 14 வயது மகள் ஒருத்தி அம்மாவிடம் வந்து படத்தைக் காட்டினாள். அம்மா மகப்பேறு மருத்துவர், இன்ஸ்டாகிராமில் பலர் பின்தொடர்பவர். அன்றே காணொளி போட்டார். மகள் சொன்னதற்காகப் பெருமைப்படுவதாகவும், இப்படிப் படம் வந்திருக்கும் மற்றச் சிறுமிகள் பயப்படாமல் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்றும் பேசினார். மற்றத் தாய்மார்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள், காவல்துறையில் புகார்கள் குவிந்தன. சிறுமி சொன்னாள், வீடு நம்பியது, ஊர் அவள் பக்கம் நின்றது. மற்றதெல்லாம் அதன் பிறகு தானாக நடந்தது.

இந்தத் தொழில்நுட்பம் வந்தபின் "நீ ஏன் படம் போட்ட?" என்ற கேள்விக்கும் பொருளில்லாமல் போய்விட்டது. பள்ளி அடையாள அட்டைப் படம் போதும், எதையும் செய்துவிடலாம்.

நம் வீட்டில் இது நடந்தால் அன்றைக்கு என்ன செய்வது? முதலில், "சொன்னது நல்லதாப் போச்சு கண்ணு, உன்மேல தப்பில்ல, போனைப் பிடுங்க மாட்டேன்" என்ற மூன்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகுதான் மற்றது. ஆத்திரத்தில் சாட்டை அழித்துவிடக் கூடாது. ஃபேக் ஐடியின் பெயரை நொடியில் மாற்றிவிடுவார்கள் என்பதால், யூசர்நேம், லிங்க், தேதி, நேரம் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்ட பிறகே ப்ளாக் செய்ய வேண்டும். ஆபாசப் படமாக இருந்தால் அதை "யார்னு பாருங்க" என்று உறவுக்காரர்களுக்கு அனுப்பவே கூடாது. போலீஸிடம் போனிலேயே காட்டினால் போதும். மிரட்டுபவனுக்குப் பணம் கொடுத்தால் அவன் நிறுத்த மாட்டான், தொகையை ஏற்றுவான். மத்திய அரசின் சைபர் கிரைம் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் கொடுக்காமலும் பதியலாம். 1930 என்ற எண்ணும் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையங்களும் இருக்கின்றன. 18 வயதுக்குள் எடுத்த அந்தரங்கப் படமென்றால் "டேக் இட் டவுன்" என்ற இலவசச் சேவை உதவும். படம் போனை விட்டு வெளியே போவதில்லை. அதன் டிஜிட்டல் கைரேகை மட்டும் போகிறது, அதை வைத்து ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உள்ளிட்ட பங்கேற்கும் தளங்கள் அப்படத்தைத் தேடி நீக்கும். பெரியவர்களுக்கு "ஸ்டாப் என்சிஐஐ" என்று இதே போன்ற ஒன்று உண்டு. பிள்ளைகளுக்கான உதவி எண் 1098. பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் 14417. மனம் உடைந்து, வாழவே வேண்டாம் என்று தோன்றினால் 14416, எந்த நேரத்திலும். இந்த எண்களைப் பள்ளி நோட்டின் பின்னட்டையில் அச்சிடப் பெரிய செலவாகாது.

செய்த பிள்ளையை என்ன செய்வது என்ற கேள்வியை நாம் தவிர்த்தே வருகிறோம். ஒரு பக்கம் டிசி கொடுத்து அனுப்பு என்கிறார்கள்; இன்னொரு பக்கம் ஆம்பளப் பையன், எதிர்காலம் கெட்டுவிடும் என்று மூடுகிறார்கள். டிசி வாங்கியவன் போனோடுதான் அடுத்த பள்ளிக்குப் போகிறான். மூடினால், வகுப்பு முழுதும் அதிலிருந்து கற்றுக்கொள்கிறது. அல்மென்ட்ராலெகோ வழக்கில் படாஹோஸ் சிறார் நீதிமன்றம் 2024இல் 15 சிறுவர்களைக் குற்றம் செய்தவர்களாகக் கண்டது. யாரையும் சிறைக்கு அனுப்பவில்லை. ஓராண்டு கண்காணிப்பு, கூடவே பாலினச் சமத்துவம் பற்றியும் தொழில்நுட்பத்தைப் பொறுப்போடு கையாள்வது பற்றியும் வகுப்புகள். பெயர்கள் வெளியே வரவில்லை, ஆனால் செய்தது குற்றம் என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லப்பட்டது.

நம் இளைஞர் நீதிச் சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. அறிவுறுத்தல், குழு ஆலோசனை, சமூக சேவை, நன்னடத்தைக் கண்காணிப்பு என்று இளைஞர் நீதிக் குழுமம் எடுக்கக்கூடிய வழிகள் பல. பள்ளி அளவிலேயே முடிக்கக்கூடிய ஸ்டிக்கர் விவகாரங்களுக்கு அது வரைக்கும்கூடப் போக வேண்டாம். போட்டவன் தானே எல்லாருடைய போனிலிருந்தும் அழிக்கவைக்க வேண்டும், அவன் வீட்டார் முன்னிலையில் பேச வேண்டும், அடுத்த சில மாதங்கள் அவனையும் அவளையும் ஒரே ஆசிரியர் கவனித்துவர வேண்டும். ஆனால் அந்த ஒரு ஆசிரியர் யார்? அறுபது பேர் வகுப்பு, தேர்வுப் பணி, கல்வித்துறையின் எமிஸ் தளத்தில் விவரப் பதிவேற்றம் என்று ஓடிக்கொண்டிருக்கும் ஆசிரியரிடம் இதையும் சேர்த்து ஏற்றினால் நடக்காது. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் படிக்கும் மேல்நிலைப் பள்ளி ஒன்றுக்கு முழுநேர ஆலோசகர் ஒருவர், கதவைச் சாத்திக்கொண்டு பேச ஓர் அறை. அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, தனியார் பள்ளி எதுவானாலும் இதைக் கட்டாயமாக்கி, அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே அதற்குப் பணம் ஒதுக்கும்படி பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் தீர்மானம் போட்டு அனுப்பத் தொடங்கலாம்.